பால்கனியில் சோபனாத்ரி

‘இரண்டு அடுப்பு’ படம் ஓடிய ஏழாவது வாரம், வெள்ளிக்கிழமை மேட்னிக்கு, கிருஷ்ணா மாவட்டத்தின் பதினொரு தியேட்டர்களில் சோபனாத்ரி ஒரே நேரத்தில் உட்கார்ந்திருந்தார். நூஜிவீட்டிலும் அவர்தான், குடிவாடாவிலும் அவர்தான், கடலோரம் பந்தரிலும் அவர்தான். எங்கேயும் ஓசியில் நுழையவில்லை. பதினொரு இடத்திலும் மூன்று ரூபாய் கொடுத்து பால்கனி டிக்கெட் வாங்கித்தான் படியேறினார். பதினொரு டிக்கெட்டுக்கும் கேளிக்கை வரி முறைப்படி கட்டப்பட்டது. படப்பெட்டியோடு கூடவே போய், தியேட்டரிலேயே டேரா போட்டு, கிழித்த டிக்கெட்டையும் உட்கார்ந்த தலையையும் எண்ணுவதற்கென்று விநியோகஸ்தர் வைத்திருக்கும் ஆளுக்கு ரெப் என்று பெயர். அந்த ரெப்புகள் திங்கட்கிழமை பெஜவாடா காந்திநகரில், படத்தின் விநியோகஸ்தர் பிச்சேஸ்வர ராவ் ஆபீசுக்குக் கணக்கு ஒப்படைக்க வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

“வெள்ளிக்கிழம மேட்னிக்கு உங்க சகலை எங்க நூஜிவீட்டுக்கு வந்திருந்தாருங்க” என்றான் மஸ்தான்.

“எந்த வெள்ளிக்கிழம? அன்னிக்கு அவரு பந்தர்ல என் பக்கத்துல உக்காந்து சோடா குடிச்சாரு” என்றான் பந்தர் ரெப்.

“நீ குடிச்சது சோடாதானா?”

குடிவாடாக்காரனும் கை தூக்கினான், ஜக்கய்யபேட்டாக்காரனும் தூக்கினான். ஆபீஸ் கொஞ்ச நேரம் சந்தைக்கடையாக இருந்தது. பிச்சேஸ்வர ராவ் பெசரட்டைப் பிய்த்து இஞ்சிச் சட்னியில் தோய்த்தபடி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“டிக்கெட் எடுத்தாரா?”

“எடுத்தாருங்க. எல்லா ஊர்லயும்.”

“எடுத்தா சரி. மேல படி.”

இந்த இரண்டு பேரும் உய்யூரில் கரும்பு போட்டிருந்த ஒரு பெரிய மனிதரின் மருமகன்கள். சோபனாத்ரி மூத்தவள் ராஜ்யலட்சுமியைக் கட்டியவர். பிச்சேஸ்வர ராவ் சின்னவள் வேதவதியைக் கட்டியவர். காந்திநகரில் முதலில் ஆபீஸ் போட்டவர் சோபனாத்ரிதான். ஐந்து வருஷம் கழித்து எதிர்ச்சாரியில் சகலை போர்டு மாட்டினார், அதுவும் சோபனாத்ரியின் போர்டைவிட ஒரு சாண் அகலமாக. சங்கராந்திக்கு மாமனார் வீட்டில் பந்தி போட்டால், நெய் கிண்ணம் எந்த மருமகனிடம் முதலில் போகிறது என்பதை வைத்து அந்த வருஷத்து வியாபாரத்தை ஊர் தெரிந்துகொள்ளும். வாயால் எதுவும் சொல்ல மாட்டார் அந்தக் கிழவர், நெய்யால்தான் சொல்வார். தொடர்ந்து மூன்று சங்கராந்தி நெய் பிச்சேஸ்வர ராவ் பக்கம் முதலில் போயிற்று. அந்த மூன்று வருஷமும் சோபனாத்ரிக்கு நெய்யே செரிக்கவில்லை.

காந்திநகரில் ஒரு படம் லாபமா நஷ்டமா என்பதை யாரும் நேராகச் சொல்வதில்லை. சொன்னால் ஏதோ குலத்துக்கு ஆகாதது போல நினைப்பார்கள். வசூலான மொத்தத்தில் முதலில் வரி போகும். மிச்சத்தில் தியேட்டர்காரர் தன் பங்கை எடுப்பார். அதற்குப் பிறகு கைக்கு வருவதற்குத்தான் ஷேர் என்று பெயர். அந்த ஷேர், தயாரிப்பாளருக்குக் கொடுத்த விலையையும் பிரிண்ட் செலவையும் போஸ்டர் செலவையும் தாண்டினால் லாபம், தாண்டாவிட்டால் துண்டு. இவ்வளவுதான் கணக்கு, ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் போட்டுவிடுவான். ஆனால் பேப்பர் விளம்பரத்தில் போடுவது வரி கழிக்காத மொத்தம். தயாரிப்பாளருக்குச் சொல்வது அதில் பாதி. வரி ஆபீசுக்குச் சொல்வது இன்னும் மெலிந்தது. பெண்டாட்டிக்குச் சொல்வதை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது. ஆகவே ஒருவனுடைய நிஜமான ஷேரை அவன் எதிரிதான் போட்டுச் சொல்ல வேண்டும், எதிரிக்குத்தான் அந்த அக்கறை இருக்கும். சோபனாத்ரி இதில் மன்னன். தியேட்டர் வாசலில் நிற்கும் சைக்கிள்களை ரிக்‌ஷாவில் போகிற போக்கில் ஒரு பார்வை பார்த்தால் போதும், சகலைக்கு எவ்வளவு துண்டு விழும் என்று டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவார். சொல்லும்போது முகத்தில் ஒரு களை வரும். தன் படம் லாபம் என்றால்கூட அந்தக் களை வராது.

‘இரண்டு அடுப்பு’ முதலில் அவரிடம்தான் வந்தது. மதராசில் வாங்குபவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு: படம் பிடித்திருந்தாலும் இடைவேளையில் எழுந்து, அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “ரயிலுக்கு நேரமாச்சு” என்று வாசல் வரை நடப்பார்கள். தயாரிப்பாளர் பின்னாலேயே ஓடிவந்து விலையைக் குறைப்பார். பிறகு திரும்பிப் போய் உட்கார்ந்து மீதியைப் பார்ப்பார்கள். சோபனாத்ரியும் அப்படித்தான் எழுந்தார். ஆனால் வாசல் வரை போனவர், இது உண்மையிலேயே தேறாது என்று முடிவு கட்டிவிட்டார். “இண்டர்வலுக்கு முன்னாடியே மாமியார சாகடிச்சிட்டீங்க. அதுக்கப்புறம் எந்தப் பொம்பள உக்காந்து பாப்பா?” என்று கேட்டார். தயாரிப்பாளர் அழாத குறை. அப்போதுதான் சோபனாத்ரிக்கு அந்தப் புண்ணிய யோசனை தோன்றியது. “எங்க சகலை ஒருத்தன் இருக்கான், குடும்பப் படம்னா உசுர விட்டுருவான். அவன்கிட்ட போங்க, நா சொன்னேன்னு சொல்லாதீங்க” என்று விலாசமும் எழுதிக் கொடுத்தார். படுகுழிக்கு வழி காட்டிவிட்ட திருப்தியில் அன்று ரயிலில் தூங்கிக்கொண்டே வந்தார்.

தசராவுக்குப் படம் வெளியானது. முதல் வாரம் சுமார். இரண்டாவது வாரம் பெண்கள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். மாமியார் செத்த பிறகு வீட்டில் இருந்த இரண்டு ஓரகத்திகளும் ஆளுக்கோர் அடுப்பு மூட்டிப் பிரிகிறார்கள். மூத்தவள் சின்னவளைப் பார்த்து வெந்து வெந்து, ஒரு நாள் தன் அடுப்பில் உலை வைக்க அரிசி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். சின்னவள் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து, அக்காவுக்குப் பாதி வைத்துவிட்டுத் தானும் சாப்பிடுகிறாள். அவ்வளவுதான் காட்சி. அதற்குத்தான் ஊரே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. அதெல்லாம் இடைவேளைக்குப் பிறகு. சோபனாத்ரி பார்க்காத பாதி.

பார்க்காத பாதியைப் பார்ப்பதற்காகத்தான் அவர் முதன்முதலில் பெஜவாடா தியேட்டருக்குப் போனார். தட்டுக் காட்சி வந்தது. கண் கலங்கியது. கலங்கிய மறுகணமே வயிறு பற்றிக்கொண்டது. மறுநாளும் போனார், கூட்டம் குறைந்திருக்கிறதா என்று பார்க்க. குறையவில்லை. உட்கார்ந்திருந்தது இங்கே என்றாலும் மனசு குடிவாடாவில் நின்று அங்கே சைக்கிள் எண்ணிக்கொண்டிருந்தது. நாலைந்து நாள் மனசு மட்டும் போய் வந்தது, பிறகு உடம்பும் போய்விட்டது. இந்த உடம்பு இங்கேயே இருக்க, இன்னொன்று குடிவாடா பால்கனியில் அங்கவஸ்திரத்தை மடித்து மடியில் வைத்து உட்கார்ந்திருந்தது. அவருக்கே அது பெரிய ஆச்சரியமாகப் படவில்லை. அங்கே முன்வரிசை காலியா என்பதுதான் முதலில் தோன்றிய கேள்வி. காலியில்லை. ஏழாவது வாரத்துக்குள் பதினொரு ஊரையும் அவர் பிடித்துவிட்டார்.

ஊருக்கு ஊர் ஆட்டம் தொடங்கும் நேரம் முன்னே பின்னே இருக்கும். ஆகவே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, குடிவாடாவில் தட்டுக் காட்சி வந்தால் ஒரு அழுகை, கால் மணி கழித்து நூஜிவீட்டில் வந்தால் இன்னொரு அழுகை, அவனிகட்டாவில் கரண்ட் போய் வந்தால் நடுவில் பாதி அழுகை என்று வந்துகொண்டே இருக்கும். கோங்குராத் துவையலின் காரம் என்று ராஜ்யலட்சுமி முதலில் நினைத்தாள். பீரோவில் பணம் குறையக் கண்டபோதுதான் அவளுக்கு விளங்கியது. பதினொரு ஊர், நாலு ஆட்டம், மூன்று ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு நூற்று முப்பத்திரண்டு ரூபாய் போகிறது. அந்த மூன்று ரூபாயில் ஒன்று சர்க்காருக்கு, ஒன்று தியேட்டர்காரருக்கு, ஒன்று பிச்சேஸ்வர ராவுக்கு. தினமும் நாற்பத்து நாலு ரூபாயைத் தன் கையாலேயே சகலையின் ஷேரில் சேர்க்கிறோம் என்பது சோபனாத்ரிக்கு வேறு யார் சொல்லியும் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கணக்கைப் போடாமல் அவரால் ஒரு டிக்கெட்கூட வாங்க முடிந்ததில்லை.

இதைவிடப் பெரிய வம்பு ஒன்று இருந்தது. சோபனாத்ரி ஒரு புலிப் படம் வாங்கி வைத்திருந்தார். கதாநாயகன் நிஜப் புலியோடு கட்டிப் புரள்வதாக விளம்பரம். பார்த்தவர்கள் புலிக்கு அன்று ஜுரம் என்றார்கள். அந்தப் படத்தை வாங்க, ராஜ்யலட்சுமி சீதனமாகக் கொண்டுவந்த நாலு ஏக்கர் கரும்பு நிலத்தை அடமானம் வைத்திருந்தார். புலி இறங்க வேண்டியது அதே பதினொரு தியேட்டரில்தான், ‘இரண்டு அடுப்பு’ அணைந்த பிறகு. தியேட்டர்களில் ஹோல்டோவர் என்று ஒரு கோடு உண்டு: வார வசூல் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் படத்தை எடுத்துவிடலாம், இறங்காதவரை இந்திரனே வந்து கேட்டாலும் எடுக்கக் கூடாது. எட்டாவது வாரத்திலிருந்து ஒவ்வொரு ஊரிலும் வசூல் சரிந்து சரிந்து, வியாழக்கிழமை இரண்டாம் ஆட்டம் முடிந்து கூட்டிப் பார்த்தால், கோட்டுக்கு ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ மேலே நிற்கும். சோபனாத்ரியின் டிக்கெட்டைக் கழித்தால் கீழே இறங்கிவிடும். ஆனால் எந்தச் சட்டத்தில் அதைக் கழிப்பது? போதாததற்கு, “தொழில் தெரிஞ்ச மனுஷன், நாலு ஆட்டமும் விடாம பாக்கறாரு, அழவும் அழறாரு, அப்ப என்னமோ இருக்கு” என்று நூஜிவீட்டு மாம்பழ வியாபாரிகள் குடும்பத்தோடு இரண்டாம் தடவை வந்தார்கள். தன் மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிரிக்குச் சகுனத்தடை ஆக வேண்டும் என்பார்கள். இங்கே மூக்கும் போயிற்று, சகுனமும் நல்ல சகுனமாகிவிட்டது.

போகாமல் இருக்கலாமே என்று கேட்பது சுலபம். பொறாமை என்ன அவர் சம்பளம் கொடுத்து வைத்த ஆளா, நாளையிலிருந்து வராதே என்று கணக்குத் தீர்க்க? அவர் முயன்றார். கனகதுர்க்கை கோயில் படியெல்லாம் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துக்கொண்டு ஏறினார். அந்த நேரத்தில் பத்துப் பேர் பத்து ஊரில் டிக்கெட் வரிசையில் நின்றார்கள். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே படுத்தார். பெஜவாடா தியேட்டரில் அவர் இருக்கை காலியாகவில்லை. ராஜ்யலட்சுமிக்குப் பொறுமை போயிற்று.

“நீங்க இங்க படுத்திருக்கீங்க. ரெண்டு தெரு தள்ளி பால்கனிலயும் உக்காந்திருக்கீங்க. நான் தாலி கட்டிக்கிட்டது எந்த ஆளுகிட்ட?”

“எல்லாம் நான்தான் ராஜ்யம். தொந்தரவு பண்ணாத, நூஜிவீட்ல ரீல் மாத்தறான்.”

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தியேட்டருக்கே போனாள். வாசலில் டிக்கெட் இல்லாமல் விடவில்லை. மூன்று ரூபாய் கொடுத்துவிட்டுத்தான் ஏறினாள். பால்கனி மூன்றாவது வரிசையில் அங்கவஸ்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து முழங்கையால் இடித்தாள்.

“எழுந்து வாங்க. என் நாலு ஏக்கர் போகுது.”

“இரு, இரு. இப்பத்தான் சின்ன மருமக தட்டோட வரப்போறா.”

“அதைத்தான் தெனம் நாலு தடவ பாக்கறீங்களே!”

“பாத்தாலும் தெனம் அழுகை வருதே.”

“அழற அளவுக்குப் புடிச்சிருக்குன்னா அப்புறம் என்னத்துக்குங்க வயித்தெரிச்சல்?”

“புடிச்சதுனாலதான்டி எரியுது. இது என் படம் ராஜ்யம். நான் இன்னும் அஞ்சு நிமிஷம் உக்காந்திருந்தா இது என் படமா இருந்திருக்கும். அவன் போர்டுக்குக் கீழ ஓடுது பாரு.”

தட்டுக் காட்சி வந்தது. அவளும் முந்தானையை எடுத்தாள். அந்த வாரம் பெஜவாடாவில் வசூல் கோட்டுக்கு மூன்று ரூபாய் மேலே நின்றது.

சங்கராந்தி வந்தது. பண்டிகைக்கு வெளியாக வேண்டிய புலி, பெட்டிக்குள் சுருண்டு படுத்திருந்தது. உய்யூரில் அரிசெலு என்கிற அதிரசம் சுட்டு, பந்தி போட்டு, நெய் கிண்ணம் பிச்சேஸ்வர ராவ் இலைக்கே முதலில் போயிற்று. வேதவதி புது ஒட்டியாணம் போட்டிருந்தாள். நாற்பத்து நாலு ரூபாயை இத்தனை நாளால் பெருக்கினால் எத்தனை பவுன் என்று சோபனாத்ரி அப்பளம் நொறுக்கும் நேரத்தில் போட்டு முடித்தார். சரியாக அந்த ஒட்டியாணம் வந்தது, கூலியோடு. அடுத்த வாரம் நூறாவது நாள் விழா. தியேட்டர்காரர்களுக்கும் ரெப்புகளுக்கும் ஷீல்டு கொடுத்தார்கள். கடைசியில் பிச்சேஸ்வர ராவ் மைக்கில் சகலையை மேடைக்கு அழைத்து அவருக்கும் ஒன்று கொடுத்தார். கூட்டம் கை தட்டியது. மேடையில் ஒரு சோபனாத்ரி ஷீல்டை வாங்கிக்கொள்ள, பத்துச் சோபனாத்ரிகள் பத்து ஊரில் நூறாவது நாள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வியாழனோடு பிச்சேஸ்வர ராவ் தானாகவே படத்தை எடுத்துக்கொண்டார். “போதும், அண்ணய்யா படம் வரட்டும்” என்று சொன்னாராம். அந்தச் சொல்லை மட்டும் சோபனாத்ரியால் கடைசி வரை விழுங்க முடியவில்லை.

புலி இறங்கியபோது கைக்காசையெல்லாம் ஜனங்கள் பண்டிகையில் தொலைத்திருந்தார்கள். கூட்டம் இல்லை. ஆனால் சோபனாத்ரியின் கவலை கூட்டத்தைப் பற்றி மட்டும் இல்லை. மஸ்தானை இப்போது அவர்தான் நூஜிவீட்டுக்கு ரெப்பாகப் போட்டிருந்தார். அந்தத் தியேட்டரின் ஆபீஸ் அறையில் தானே உட்கார்ந்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கேட்டார்.

“பால்கனில யாராவது தெரிஞ்ச மொகம்?”

“இல்லீங்க. ரெண்டு மார்க்கெட்காரங்க, ஒரு கான்ஸ்டபிள். கான்ஸ்டபிள் ஓசி.”

“என் சகலை?”

“வரலீங்களே.”

முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாள் வரவில்லை. நிலம் போவதுகூட அவருக்கு அப்போது இரண்டாம்பட்சமாகிவிட்டது. ஒரு மனிதன் இத்தனை வருஷம் தொழில் செய்து, புலியையே விலைக்கு வாங்கி இறக்கியிருக்கிறான், அவனைப் பார்த்து வயிறெரிய இந்த ஜில்லாவில் ஒரு ஜீவன்கூட இல்லை. அந்த அவமானம் அவரை உள்ளே உட்காரவும் விடவில்லை, வெளியே நிற்கவும் விடவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், செருப்பெல்லாம் செம்மண்ணாக, பிச்சேஸ்வர ராவ் பஸ்ஸிலிருந்து இறங்கி தியேட்டர் காம்பவுண்டுக்குள் நடந்து வந்தார். சோபனாத்ரியின் முகத்தில் அந்தப் பழைய களை சட்டென்று வந்தது.

“வந்துட்டியா? எத்தன ஊர்ல இருக்க இப்ப?”

“இங்க மட்டும்தான் அண்ணய்யா.” பிச்சேஸ்வர ராவ் துண்டால் முகத்தைத் துடைத்தார். “மூணு ராத்திரியா முயற்சி பண்ணிப் பாத்தேன். உங்க படத்த நெனச்சேன், உங்க ஆபீஸ நெனச்சேன், முன்னாடி நீங்கதானே பெரிய ஆளுன்னு அதையும் நெனச்சேன். எவ்வளவு நெனச்சாலும் கொஞ்சங்கூட எரிய மாட்டேங்குது. வேதவதி வேற திட்டறா, அக்கா நிலம் போகுது, உங்களுக்கு ஒரு பொறாமகூடப் படத் தெரியலயான்னு. அதான் பஸ்ஸேறி நானே வந்துட்டேன். அஞ்சு ஊருதான் முடிஞ்சுது.” ஜிப்பா பையிலிருந்து கிழித்த டிக்கெட்டுகளை எடுத்துக் காட்டினார்.

சோபனாத்ரி அவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது என்ன கிளாஸ்?”

“பெஞ்சு.”

“உன் படத்துக்கு நான் பால்கனி எடுத்தேன்டா!” காம்பவுண்டில் நின்ற சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “நாலு ஆட்டமும் பால்கனி! பதினோரு ஊர்லயும் பால்கனி!”

“தெரியும் அண்ணய்யா” என்றார் பிச்சேஸ்வர ராவ். “அந்த அளவுக்கு எனக்கு வராதுன்னுதானே சொல்றேன்.”

புலி பத்தாவது நாள் சுருண்டது. அடமானத்தைப் பிச்சேஸ்வர ராவ் மீட்டு, பத்திரத்தை ராஜ்யலட்சுமி கையில் கொடுத்தார். வட்டி வேண்டாம், முடிந்தபோது அசலைக் கொடுத்தால் போதும் என்றார். பெண்கள் இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒருவன் ஜெயித்தால்கூட மன்னித்துவிடலாம். ஜெயித்துவிட்டு நல்லவனாகவும் இருப்பவனை என்ன செய்வது? அந்தப் பத்திரம் வீட்டுக்குள் வந்த வாரமே எதிர்ச்சாரியில் சகலையின் அடுத்த படத்துப் பெட்டி வந்து இறங்கி, அதற்குப் பூஜை போட்டார்கள். முதல் நாள் முதல் ஆட்டத்திலிருந்தே பதினொரு ஊரிலும் சோபனாத்ரி இருந்தார். பிறகு எந்தப் படத்துக்கும் தவறவில்லை. தயாரிப்பாளர்கள் கிருஷ்ணா மாவட்டத்துக்கு விலை பேசும்போது, வரி போக, தியேட்டர் போக, சோபனாத்ரி டிக்கெட் சேர்த்து என்று சொல்லத் தொடங்கினார்கள். டிக்கெட் மூன்று ரூபாய் ஏழானது, ஏழு பதினைந்தானது. அவர் முணுமுணுக்காமல் கொடுத்தார். கடனின் அசலை மட்டும் கொடுத்து முடிக்கவில்லை. கொடுத்துவிட்டால் எரிவதற்கு என்ன மிஞ்சும் என்று பயந்திருக்கலாம்.

ஒரு கோடைகாலத்துச் செவ்வாய்க்கிழமை சோபனாத்ரி வீட்டில் மோர் குடித்துக்கொண்டிருக்கும்போது இறந்துபோனார். கிருஷ்ணை ஆற்றங்கரையில் தகனம் நடந்தது. பிச்சேஸ்வர ராவ் பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தார், வழியெல்லாம் குழந்தை மாதிரி அழுதார். அன்று அவருடைய படம் ஒன்று பதினொரு ஊரிலும் ஓடிக்கொண்டிருந்தது. காட்சியை ரத்து செய்ய வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அடுத்த திங்கட்கிழமை ரெப்புகள் கணக்கு ஒப்படைக்க வந்தார்கள். இதற்குள் பழைய இடத்துக்கே திரும்பி, தலையும் நரைத்துவிட்ட மஸ்தான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து நின்றான்.

“சொல்லு” என்றார் பிச்சேஸ்வர ராவ்.

“சனிக்கிழம மேட்னிக்கு உங்க சகலை வந்திருந்தாருங்க.”

பந்தர்க்காரன் தலையை ஆட்டினான். குடிவாடாக்காரனும் ஆட்டினான். பிச்சேஸ்வர ராவ் ஜன்னல் வழியே எதிர்ச்சாரியில் பூட்டிக் கிடந்த ஆபீஸையும், தன்னுடையதைவிட ஒரு சாண் சின்ன போர்டையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டிக்கெட் எடுத்தாரா?”

“எடுத்தாருங்க. பால்கனிதான்.”

“எடுத்தா சரி” என்றார் பிச்சேஸ்வர ராவ். “வரி கட்டிடு. மேல படி.”